நான்காவது பெயர்

சிவகாசியில் அந்த மூன்று அச்சகங்களுக்கும் ஒரே வயர்லெஸ் இணைய இணைப்பு. ஒருவர் கூடுதலாக டேட்டா இழுத்தால் மற்றவர்களுக்கு வேகம் குறையும். அந்தப் பயத்திலேயே மூவரும் முந்தி இழுப்பார்கள், கடைசியில் யாருக்குமே நகராது.

ஐந்து மணிக்குள் பட்டாசு லேபிள் டிசைனை இணையத்தில் அனுப்பாவிட்டால், மூவரில் ஒருவனான தவுபிக்கின் தீபாவளி ஆர்டர் போய்விடும். சோர்ந்துபோய் அடுத்த அச்சகத்துச் சங்கிலிமுத்துவுக்குப் போன் செய்தான்.

"ஏலே, பத்து நிமிசம் நிறுத்துலே."

"நான் நிறுத்துனா ஃபரீத் அள்ளிக்கிடுவான்லே. அவனை மொதல்ல நிறுத்தச் சொல்லு."

மூன்றாவது அச்சகத்து ஃபரீதும் அதையேதான் சொன்னான்.

இணைப்பில் யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலைத் தவுபிக் கணினியில் திறந்தான். நான்கு பெயர்கள் இருந்தன. நான்காவது, முனியராஜ். ஆடி மாதம் அவன் அச்சகம் தீப்பிடித்தபோது கணினியோடு அவனும் எரிந்துபோனான்.

தவுபிக் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஒரு பெயர் மட்டும் இழுப்பதை நிறுத்தியது. லேபிள் மெல்ல நகர்ந்து போய்ச் சேர்ந்தது. பிறகு முனியராஜ் மறுபடி இழுக்கத் தொடங்கினான்.