குறும்பி

இது எப்போது தொடங்கியது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மழைக்காலம் என்று நினைக்கிறேன். என் மனைவி பாட்டு கேட்க இயர்போனை எடுத்து மாட்டியவள், முகம் சுளித்துப் பிடுங்கி எறிந்தாள். அதில் மஞ்சளாக, ஈரமாகக் குறும்பி அப்பியிருந்தது. 

எனக்கு எதையும் காதில் அடைத்துக்கொள்ளப் பிடிக்காது. அதனால் பழி, எங்களோடு தங்கி நாளெல்லாம் கேம் ஆடும் அவள் தம்பி மேல் விழுந்தது.

"டேய், அது காதா, சாக்கடையா? என்னோடத ஏன்டா தொடுற?"

"நான் தொடலக்கா. அது ப்ளூடூத், சத்தம் லேட்டா வரும். நான் செத்த பிறகுதான் என்னைச் சுட்ட சத்தமே கேக்கும். அத வச்சு யாரு ஆடுவா? மாமா, நீங்களாவது சொல்லுங்க."



அவள் தினமும் துடைத்து வைத்தாள். தினமும் அது அப்பியிருந்தது. வாய்ச்சண்டை முற்றி, தம்பி பெட்டியைக் கட்டிக்கொண்டு நண்பனின் அறைக்குப் போய்விட்டான். அன்றிரவு அவள் இயர்போனைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். காலையில் திறந்தபோது குறும்பி இருந்தது. அதில் ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது. எங்கள் மூவரில் யாருக்கும் இன்னும் நரைக்கவில்லை.

மனைவி எவ்வளவோ கெஞ்சியும் தம்பி திரும்பி வரவில்லை. அவள் பாட்டு கேட்பதை விட்டுவிட்டாள். இயர்போனைத் தூக்கியெறிய இருவருக்கும் துணிவில்லை. காலையில் நான்தான் பஞ்சால் துடைத்து வைக்கிறேன். தொடும்போது அது வெதுவெதுப்பாக இருக்கிறது.