திருப்பிப் போட்ட பலகை

"இந்த மாசம் இது ஒன்பதாவது பலகை. இதுவும் கை நழுவிடுச்சா?" மேனேஜர் கேட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் சூளை வண்டியில் பலகை அடுக்குகிறவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இப்போது தொழிற்சாலையில் அவருக்குப் 'போட்டுடைச்சான்' என்று பட்டப்பெயர்.

"வாஷ்பேசினைச் சுமந்துக்கிட்டு ஆயிரத்து இருநூறு டிகிரியில நிக்கிற பீங்கான் பலகைய்யா அது. கடைக்குப் போய் உடனே வாங்கிட்டு வந்துட முடியுமா?"

"தொய்ஞ்சு போயிருந்தது சார்."

"தொய்ஞ்சா தலைகீழாத் திருப்பிப் போடு. அடுத்த சூட்டுல தானா நிமிர்ந்துக்கும். எத்தனை தடவை சொல்றது?"

மேனேஜர் சொன்னது பொய்யில்லை. திருப்பிப் போட்ட பலகை நிஜமாகவே நிமிர்ந்துவிடும். பார்த்தால் புதுசு போலத்தான் இருக்கும்.

"சூப்பர்வைசர் வேலை கிடைக்கலேங்கிற வயித்தெரிச்சல். அதானே?"

சாட்சியைக் கூப்பிட்டார்கள்.

வந்தவன் அவருடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பி. வெந்த சரக்கை வண்டியிலிருந்து இறக்குகிறவன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவர்தான்.

"கை நழுவல சார். தலைக்கு மேல தூக்கித் தரையில அடிச்சார். என் கண்ணால பார்த்தேன்." அத்தான் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"உன் சொந்த மச்சானே சொல்றான். இன்னும் என்ன?" மேனேஜர் டிஸ்மிஸ் ஆர்டரை நகர்த்தினார்.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். அவமானத்தில் காது சிவந்திருந்தது.

கேட்டருகே மச்சான் ஓடி வந்தான். "மனசுல வெச்சுக்காதீங்க அத்தான். சொல்லலேன்னா என் வேலையும் போயிடும்னாங்க. ரெண்டு குழந்தைங்க வேற."

"தெரியும்டா."

"நிமிர்ந்த பலகை நல்லாத்தானே இருக்கு? எதுக்கு உடைச்சீங்க?"

"பார்க்க நல்லாத்தான் இருக்கும். நாலு தடவை வளைஞ்சு நிமிர்ந்துட்டா உள்ளுக்குள்ள ஒண்ணும் இருக்காது. எப்ப வேணாலும் பாரத்தோட உடைஞ்சு விழும். மூணு தடவை எழுதிக் குடுத்தேன், கிழிச்சுப் போட்டாங்க."

காவலாளியிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"அந்த மாதிரி மொத்தம் பதிமூணுடா. ஒன்பதைத்தான் உடைக்க முடிஞ்சது. நான் விசாரணையில இருந்த நேரத்துல பாக்கி நாலையும் மேல்தட்டுல அடுக்கிச் சூளைக்குள்ள தள்ளிட்டாங்க. நாளைக்கு அந்த வண்டியை இறக்கும்போது அடித்தட்டுக்குக் குனியாதே."

மச்சானுக்கு முகம் வெளுத்தது.

"குனியாம எப்படி அத்தான் இறக்க முடியும்?"

"முடியாதுன்னுதான்டா உடைச்சேன்."