முள்ளுக்காட்டில் அழுகிறவள்

கல்யாணமாகி வந்த முதல் அந்தியில் கேட்ட சத்தம் கஸ்தூரியின் காதில் இன்னும் இருக்கிறது. மலையடி முள்ளுக்காட்டுக்குள் ஒரு பெண் விம்மி விம்மி அழுவதுபோல. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். நாத்தனார் தேவிப்ரியாதான் கையைப் பிடித்து வீடு சேர்த்தாள்.

அந்தக் காட்டைத்தான் இப்போது புரோக்கர் வேணு மனை போட்டு விற்கிறான்.

அவன் கூட்டிவந்த சென்னைத் தம்பதி வேலியோரம் நின்று கஸ்தூரியிடம் விசாரித்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் யார் மனை வாங்குகிறார்கள்?

"எடம் எப்படிம்மா?"

"எடத்துக்கென்னங்க குறை? மலை நேரா தெரியும். பொழுது சாஞ்சா மட்டும் அவ வருவா."

"யாரு?"

"என் நாத்தனாருங்க. அதோ, அந்த வேலமரத்துல..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேணு பல்லைக் கடித்தான். "நம்பாதீங்க சார். வர்ற பார்ட்டியெல்லாம் வெரட்டிட்டு, கம்மி ரேட்டுல தானே வளைக்கப் பாக்குது. ஏம்மா, செத்தவள வச்சுப் பொழைக்கிறியே, நீயெல்லாம் பொம்பளையா?"

கஸ்தூரி கதவைத் திறந்து கூடத்தைக் காட்டினாள். மாலை போட்ட படம். ஊதுவத்திப் புகைக்குள் ஒரு சிரித்த முகம்.

வெயில் இறங்கியது. மலையின் நிழல் காட்டின்மேல் மெல்லப் படுத்தது.

உள்ளே அழுகை எழும்பியது. நீளமாக, இழுத்து இழுத்து. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு குரல் அதற்குப் பதில் சொன்னது.

"ஏங்க... ரெண்டு பக்கமும் கேக்குதுங்க!" அந்த அம்மாள் புருஷன் கையை இறுக்கினாள்.

முதலில் காரில் ஏறியவன் வேணு.

புழுதி அடங்கியது. புதரை விலக்கிக்கொண்டு ஒரு புள்ளிமான் குட்டைக்குத் தண்ணீர் குடிக்க வந்தது. பின்னால் தள்ளாடியபடி அதன் குட்டி. தரையில் முட்டையிட்டிருந்த கண்கிலேடிக் குருவி ஜோடி அதே குரலில் இன்னொரு தரம் அழுது ஓய்ந்தது.

கஸ்தூரி அவசரமாக உள்ளே போய்ப் படத்திலிருந்து மாலையைக் கழற்றினாள். போன் அடித்தது.

"போயிட்டாங்களா அண்ணி?"

"போயிட்டாங்க. ஆனா ஒவ்வொரு வாட்டியும் உன் படத்துக்கு மாலை போட மனசு ஒப்பலடி."

"போடுங்க அண்ணி, எனக்கு ஆயுசு ஜாஸ்தியாவும். மான் குட்டி நடக்குதா?"

தேவிப்ரியா கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் மல்லாட்டைக் கடலை வறுத்து விற்கிறாள்.