ஒரே ஒரு பூச்சிக்கால்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க. ஒரு பூச்சியோட காலுக்காக ஒரு வீடே ரெண்டுபட்ட கதை இது.

"ஒரே ஒரு கால்தானேப்பா கேக்கறேன்!"

"முடியாதும்மா."

அப்பா, அம்மா ரெண்டு பேருமே பூச்சி ஆராய்ச்சியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். மகளோ மின்மினிப்பூச்சிகளுக்கு வம்சாவளி போடுகிறவள். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருமாமே, மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ., அதைப் பார்த்தே எது எதுக்குச் சொந்தம் என்று சொல்லிவிடுவாள்.

அந்தக் காலத்தில் அப்பா கண்டுபிடித்தது, இறக்கை உள்ள மின்மினி. அதற்கும் முன்னால் அம்மா கண்டுபிடித்தது, புழு மாதிரி ஊர்கிற மின்மினி. ரெண்டும் வேறு வேறு இனம் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. அன்றைக்குப் பிடித்த பூச்சிகளைப் பதப்படுத்தி, ஆளுக்கொரு பெட்டியில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

"பொண்ணுக்கு மட்டும் இறக்கையே முளைக்காத மின்மினி எத்தனை இருக்கு! எனக்கென்னவோ அது ரெண்டும் புருஷன் பொண்டாட்டின்னு தோணுது. அம்மாவோடதைச் சோதிச்சாச்சு. உங்களோடதுல ஒரு கால் கிடைச்சா தெரிஞ்சுடும்."

"ஒரே இனம்னு ஆயிட்டா?"

"முதல்ல வச்ச பேருதான் நிக்கும். நீங்க வச்ச பேரை எடுத்துடுவாங்க."

"அதான் தரமாட்டேன்."

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "கட்டினவகிட்ட தோக்கறதுக்கு இவ்வளவு பயமா? மீசையில மண் ஒட்டக் கூடாதாக்கும்!"

மகளுக்கும் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு படிச்சு என்னப்பா, பேர் மேல இருக்கற ஆசை விடலையே!"

அப்பா கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது என் பேரு இல்லம்மா. ஏதோ லத்தீன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க. கல்யாணத்துக்கு முன்னாடி உங்கம்மாவை நான் கூப்பிட்ட செல்லப் பேரு. வாலை மட்டும் லத்தீனா ஒட்டினேன். அவளுக்கே தெரியாது. இத்தனை வருஷமா புத்தகத்துல இருக்கா. நானே வெளியே அனுப்பணுமா?"



கதவு திறந்தது. அம்மா.

"தெரியாதாம்! அச்சுல பார்த்த அன்னிக்கே தெரியும். கூப்பிடறவர் பக்கத்துல இருக்கும்போது எனக்குப் புத்தகம் எதுக்கு?"

சொல்லிக்கொண்டே இடுக்கியை எடுத்து, அப்பாவின் மின்மினியிலிருந்து ஒரு காலைப் பிய்த்துக் குப்பியில் போட்டு மகள் கையில் கொடுத்தாள்.

பிறகு, சோதனை முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல், மிச்சம் ஐந்து காலோடு இருந்த அந்த மின்மினியைத் தூக்கித் தன் பெட்டியில், புழுவுக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள்.