அக்காவின் மெயில்

“பாத்தியா, மறுபடியும் போயிடுச்சு” என்றாள் அக்கா.

திரையின் கீழ்மூலையில் அதே வரி. சர்வருடன் தொடர்பு இல்லை.

அந்த அலுவலகத்தில் கணினிகளைப் பழுதுபார்க்கப் புதிதாகச் சேர்ந்தவன் அவன். அவன் வரும்போது மெயில் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

கேபிளை மாற்றியாயிற்று. கடவுச்சொல்லை மாற்றியாயிற்று. மெயில் மென்பொருளையே அழித்துவிட்டு மறுபடி போட்டாயிற்று. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று மாலை வகுப்பில் படித்ததை அப்படியே செய்தான். செய்துவிட்டு, நடுவில் எதையோ விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்து முதலிலிருந்து தொடங்கினான்.

இன்று மாலைக்குள் காரணம் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் நாளை வர வேண்டாம் என்று மேலதிகாரியான சிஸ்டம் சார் சொல்லிவிட்டார். இவனுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவனும் இதைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாமல்தான் வீட்டுக்குப் போனானாம்.

“தம்பி, சொன்னா கோவிச்சுக்காத. மெயில் போச்சுன்னு உன்னைக் கூப்பிடறேன். நீ வர்றதுக்குள்ள அதுவா சரியாயிடுது. நீ வந்து அந்த லேப்டாப்பைச் சொருகினதும் ஓடி ஒளிஞ்சுக்குது. உன்னைக் கண்டா பயம் போல.”

சிரித்து வைக்கலாம் என்று பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

லைனைச் சோதிக்க அவன் கொண்டுவந்த லேப்டாப்பின் கேபிள் சுவரில் செருகியிருந்தது. அதைப் பிடுங்கினான்.

தேங்கிக் கிடந்த மெயில்கள் மளமளவென்று வந்து விழுந்தன.

செருகினான். நின்றுவிட்டது.

லேப்டாப்பின் எண்ணைப் பார்த்தான். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு, வீட்டுக்குக் கதவிலக்கம் மாதிரி. அக்காவின் கணினிக்கும் இதற்கும் ஒரே எண். இரண்டு வீட்டுக்கு ஒரே இலக்கம் இருந்தால் தபால்காரர் எந்தக் கதவைத் தட்டுவார்?

லேப்டாப் சிஸ்டம் சாருடையது. அவர் மேசையில் ஓடும் நேரமெல்லாம் இங்கே மெயில் நின்றிருக்கிறது. அக்கா கூப்பிட்டதும் அதைக் கழற்றி, சோதித்துப் பார் என்று அவர்தான் இவன் கையில் கொடுப்பார். அந்த எண்ணைப் போட்டவரும் அவரேதான்.

அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“கண்டுபிடிச்சிட்டேன்க்கா. சார்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்.”

அக்கா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“முன்னாடி இருந்த தம்பியும் இப்படித்தான், ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பாத்துச்சு. கண்டுபிடிச்சிட்டேன்னு சொல்லிட்டு சார் ரூமுக்குப் போச்சு. அவ்வளவுதான். பைய எடுக்கக்கூட இந்தப் பக்கம் வரல.”

மேசைமேல் தொலைபேசி அடித்தது. அக்கா எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“என்னப்பா, என்னன்னு தெரிஞ்சுதா இல்லையா?” என்றார் சிஸ்டம் சார்.

அவன் அக்காவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

“தெரிஞ்சுது சார். அக்கா மெஷின்லதான் கோளாறு. தெரியாம எதையோ மாத்தி வச்சுட்டாங்க. இப்பவே சரி பண்ணிடறேன்.”

அவன் உட்கார்ந்து அந்த எண்ணை மாற்றுவதற்கு வசதியாக, அக்கா எழுந்து தன் நாற்காலியை விட்டுக்கொடுத்தாள்.