தம்பியின் வண்டிக் கடன்

வங்கி அறையில் நான், என் மனைவி, மகள், மேலாளர் ஆகிய நால்வரும் இருந்தோம். மகளின் வீட்டுக் கடனுக்கு நானும் கையெழுத்திட வேண்டும். ஆனால் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாத என் கடன் அறிக்கையில், யாரோ வாங்கிய வண்டிக் கடன் ஒன்று ஏறியிருந்தது. எனக்கு மானமே போனது போலிருந்தது.

“இது உங்க இரட்டைத் தம்பியோட கடன் சார். பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஒண்ணு, அதான் கலந்துடுச்சு. பிரிச்சாச்சு. இப்போ உங்க கடன் ஸ்கோரைப் பாருங்க!” என்றார் மேலாளர்.

“அப்பா, வீடு நமக்குத்தான்!” என்று மகள் துள்ளினாள். நானும் மீசையை நீவிக்கொண்டேன்.

“அந்தக் கடன் எப்போ வாங்கினது சார்?” என்று மனைவி மேலாளரிடம் கேட்டாள்.

“போன வருஷம்மா.”

“அவர் தம்பி இறந்து பன்னிரண்டு வருஷமாச்சே!”

மேலாளர் திரையைத் திருப்பினார். கடன் வாங்கும்போது எடுத்த படத்தில் தம்பி சிரித்தான். புருவத்தில் அவனுடைய அதே தழும்பு இருந்தது. இறந்த அன்று கருகருவென்றிருந்த தலைமுடி நன்றாக நரைத்திருந்தது.

“சித்தப்பா!” என்று மகள் கத்திவிட்டாள்.

தம்பி கடனை அடைக்காமல் போய்விட்டான் என்று உறவினர் சிலர் பேசுகிறார்கள். அது பொய். இந்த மாதத் தவணையையும் அவன் நேரில் வந்து கட்டிவிட்டான்.