இறங்காத சுருதி

உள்ளே பல் ராவும் மெஷின் ஓட ஆரம்பித்ததும் வெளியே மதியழகனுக்குப் பல் கூசியது.

பிரேசர் டவுனில் இந்த கிளினிக்கைக் காட்டிவிட்டதே அவர்தான். டாக்டர் நிருபமா கை வைத்தால் வலியே தெரியாது என்று, கூட வாசிக்கிற கிறிஸ்டோபரிடம் அளந்துவிட்டதும் அவர்தான். இன்றைக்கு அந்த டாக்டரை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் போவதில்லை என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

பின்னே? வண்டியிலிருந்து விழுந்து கிறிஸ்டோபருக்கு முன்பல் இரண்டும் உடைந்தன. அவற்றின் மேல் உறை மாதிரி டாக்டர் மாட்டின கேப் பார்க்க என்னவோ லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் டிரம்பெட்டை வாயில் வைத்தால் ஓரமாகக் காற்று போகிறதாம். மேல் சுரம் எழும்பவே மாட்டேன் என்கிறதாம். எங்கே, ஊதிக் காட்டு என்றால் அதற்கும் மாட்டேன் என்று டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டோபரின் மகள் சோனியாவுக்குக் கல்யாணம்.

ஒக்கலிபுரத்தில் அவர்களுடைய பேண்டு செட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. செட்டில் ஊதுகிறவன் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், கோயிலோ சர்ச்சோ, வாசலில் நின்று முதல் வரியைப் பெற்றவன்தான் ஊத வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பெற்றவன் ஊதவில்லையென்றால் செட்டே கிடையாது. எல்லோரும் சாதா சட்டையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

தன் மகள் மலரின் கல்யாணத்தில் மதியழகன் கிளாரினெட்டில் முதல் வரியை எடுத்துவிட்டுப் பாதியில் அழுதுவிட்டார். அந்த இடத்தைச் சட்டென்று டிரம்பெட்டால் பிடித்து, யாருக்கும் தெரியாமல் மூடினவர் கிறிஸ்டோபர். அப்பேர்ப்பட்ட மனிதர் தன் வீட்டுக் கல்யாணத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?

சோனியா குழந்தையில் பெரிய டிரம்மின் மேல் உட்காரவைத்தால்தான் சோறு தின்பாள். இப்போது பெரிய கம்பெனியில் வேலை. மாப்பிள்ளையும் அங்கேயே. அப்பா என்ன செய்கிறார் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டதற்கு, ஸ்கூலில் மியூசிக் மாஸ்டர் என்று சொல்லிவிட்டாளாம். சாவு ஊர்வலங்களில் ஊதித்தான் அவளைப் படிக்கவைத்தார் கிறிஸ்டோபர். விஷயம் தெரிந்ததும் செட்டில் ஒரே சிரிப்பு. ஆளாளுக்கு அவரை மாஸ்டர் மாஸ்டர் என்று கூப்பிட்டு ஓட்டினார்கள். அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

அப்புறம் ஒரு நாள் சோனியா வந்தாள். பேண்டு கடைக்குள் வராமல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, அப்பாவைக் கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போனாள். கல்யாண வேலை ஆயிரம் இருக்கும் என்று யாரும் எதுவும் கேட்கவில்லை.

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

மதியழகன் தலையைச் சாய்த்துக் கேட்டார். கடைவாய்ப் பல்லுக்காக அவரும் இதே மெஷினிடம் வாயைக் காட்டியவர்தான். பல்லில் பட்டால் அதன் சத்தம் அழுந்தும். சுருதி இறங்கும். எடுத்தால் மறுபடி ஏறும்.

இது இறங்கவே இல்லை. ஒரே சுருதியில் நின்றது. மெஷின் வெறும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

பல்லைத் தொடாமல் எதற்காக ஓட்ட வேண்டும்? வெளியே இருக்கிறவனுக்குக் கேட்கட்டும் என்றுதான். வெளியே அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற சோனியா ஞாபகத்துக்கு வந்தாள். கிறிஸ்டோபரின் பல்லில் காற்று போக ஆரம்பித்தது அதற்கு மறுநாள்.

அடப்பாவி, என்றார் மதியழகன் வாய்க்குள்ளேயே.

சிவப்புக் கோட்டும் பெயர் எழுதின டிரம்முமாக செட்டு முழுக்க சர்ச் வாசலில் போய் நின்றால், அந்த மாஸ்டர் கதை அங்கேயே முடிந்தது. வராதீர்கள் என்று செட்டைப் பார்த்துச் சொல்ல கிறிஸ்டோபருக்கு நாக்கு எழாது. மகள் கேட்டதை மறுக்கவும் மனசு வராது. பழியைத் தூக்கிப் பல்லின் மேல் போட்டுவிட்டார்.

சோனியாவின் மேல் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்றவனே பொறுத்துக்கொண்டான், நடுவில் நான் யார் என்று அதுவும் அடங்கியது.

மெஷின் நின்றது. கதவைத் திறந்துகொண்டு டாக்டர் நிருபமா வந்தார். மாஸ்க்கைக் கழற்றாமல், மதியழகனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“கேப் சரியா உக்காரல அண்ணா. தப்பு என்னுதுதான். ஒரு மாசத்துக்கு அவர் ஊதக் கூடாது.”

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. திறந்த கதவு வழியாக கிறிஸ்டோபரின் கால்கள் மட்டும் தெரிந்தன. அசையாமல் இருந்தன. காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

சரி, பரவாயில்லை என்று இப்போது சொல்லிவிட்டால் எல்லாம் கெட்டது. இவனுக்குத் தெரிந்துவிட்டது என்று கிறிஸ்டோபருக்குத் தெரிந்துவிடும். பிறகு ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு மகளைக் கைபிடித்துக் கூட்டிப் போவார்?

மதியழகன் எழுந்து நின்றார்.

“என்னம்மா வேலை செஞ்சு வெச்சிருக்கீங்க? பொண்ணு கல்யாணத்துல அப்பன ஊத முடியாம பண்ணிட்டீங்களே.”

டாக்டர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். உள்ளே நன்றாகக் கேட்க வேண்டுமே. மதியழகன் இன்னும் ஒரு கட்டை ஏற்றித் திட்டினார்.